காடு என்று எதைச் சொல்கிறோம்?

என் பாட்டியின் பேச்சில் 'காடு' என்ற சொல் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது வரும். "காட்டுல மழ புடிச்சிக்கிச்சி, மங்குல இருந்த பாலெல்லாம் தண்ணியா போச்சி." "தாத்தா காட்டுலேர்ந்து இன்னும் வரல." சின்ன வயதில் அதைப் புலி உலவும் காடு என்றே நினைத்திருந்தேன். பிறகுதான் புரிந்தது. பாட்டியின் காட்டில் மரங்கள் வரிசையாக நிற்கும். மரத்துக்கு ஒரு மங்கு, நிரைக்கு ஓர் ஆள், எல்லோருக்கும் மேலே ஒரு கங்காணி. வேலை செய்கிற இடத்துக்கே 'வேலைக்காடு' என்று பெயர் வைத்த மொழி நம்முடையது.

இந்தச் சொல் அப்படியே இலக்கியத்துக்குள்ளும் வந்துவிட்டது. தமிழகத்திலிருந்து வந்து நம் தோட்டங்களைப் பார்த்துவிட்டு அகிலன் எழுதிய நாவலின் பெயர் 'பால்மரக் காட்டினிலே'. கெடாவின் முக்கியமான படைப்பாளி சீ. முத்துசாமியின் நாவல்களில் ஒன்று 'மண்புழுக்கள்', இன்னொன்று 'மலைக்காடு'. தலைப்பை வைத்து நாவலை எடைபோடுவது என் வேலை இல்லை. ஆனால் மண்ணும் மரமும் காடும் இவ்வளவு நிறைந்திருக்கும் நம் தோட்ட இலக்கியத்தில் உண்மையான காடு எங்கே இருக்கிறது என்ற கேள்வி எனக்குக் கொஞ்ச நாளாகவே இருக்கிறது.

நம் தோட்டச் சிறுகதையின் வழக்கமான முடிவு எல்லோருக்கும் தெரியும். தோட்டம் விற்கப்படும். லயத்தைக் காலி செய்யச் சொல்வார்கள். கோயில் உடைபடும். சாமான் ஏற்றிய லாரி கிளம்பும்போது கிழவர் ஒருவர் ரப்பர் மரங்களைக் கடைசியாக ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். கூலிம், பீடோங், பாடாங் செராய் பக்கம் இப்படி இடம்பெயர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் நம்மில் பலர். அந்தத் துக்கம் பொய்யில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் கதைகளில் ரப்பர் தோட்டம் 'இயற்கை'யாகவும், பின்னால் வரும் செம்பனையும் தொழிற்சாலையும் அதன் அழிவாகவும் காட்டப்படுகின்றன. அதாவது கதை இரண்டாம் அத்தியாயத்திலிருந்து தொடங்குகிறது. முதல் அத்தியாயத்தைக் காணோம்.

அந்த முதல் அத்தியாயத்தில் ரப்பர் மரமே கிடையாது. அது அமேசான் காட்டு மரம். 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து எடுத்துப்போன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அடுத்த வருடமே 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தை நிர்வகித்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். அதற்குப் பிறகு தீபகற்பத்தின் தாழ்நிலக் காடு வேகமாகச் சரிந்தது. மெராந்தியும் கெருயிங்கும் நூற்றுக்கணக்கான வேறு மரங்களும் கலந்து நின்ற இடத்தில் ஒரே மரம், ஒரே இடைவெளியில், மைல்கணக்கில் நின்றது. காட்டை வெட்டியவர்களிலும் எரித்தவர்களிலும், எரிந்த மண்ணில் குழி தோண்டிக் கன்று நட்டவர்களிலும் நம் முன்னோர் இருந்தார்கள். முடிவெடுத்தவர்கள் அவர்கள் இல்லை. ஆனால் கத்தி அவர்கள் கையிலும் இருந்தது. இந்த இரண்டு உண்மைகளையும் ஒரே பக்கத்தில் எழுத நமக்குத் தயக்கம் இருக்கிறது.

தயக்கத்தின் விலை என்ன என்பதற்கு ஓர் உதாரணம். தோட்டத்துக் கதைகளில் காய்ச்சல் விதியாக வரும், பேயாக வரும், துரையின் அலட்சியமாக வரும். கிள்ளானில் 1901இலிருந்து மலேரியாவை ஆராய்ந்த மருத்துவர் மால்கம் வாட்சன் வேறொன்றைக் கவனித்தார். தாழ்ந்த சமநிலத்தில் காட்டை வெட்டி நீரை வடித்தபோது மலேரியா குறைந்தது. குன்றும் ஓடையுமான தோட்டங்களில் அதே வேலை மலேரியாவைக் கூட்டியது. காரணம் எளிது. நிழலில் ஓடிய மலையோடைகள்மீது வெயில் விழுந்தது. வெயில்பட்ட தெளிந்த நீரில் பெருகும் ஒருவகைக் கொசு வந்தது. காட்டை வெட்டியவனையே அந்தக் கொசு கடித்தது. நம் பாட்டன்மார் செத்ததற்கு ஏகாதிபத்தியம் எவ்வளவு காரணமோ, நிழல் இழந்த அந்த ஓடையும் அவ்வளவு காரணம். இரண்டும் ஒன்றேதான் என்று சொல்லக்கூடிய கதையை நான் இன்னும் வாசிக்கவில்லை.

இதே மரத்துக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. பிரேசிலில் ரப்பர் மரம் காட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கிறது. நெருக்கி நட்டால் இலைக்கருகல் நோய் அழித்துவிடும். அமெரிக்க முதலாளி ஹென்றி ஃபோர்டு அங்கே அமைத்த பெரிய தோட்டம் தோற்றதற்கு அந்த நோய் ஒரு முக்கியக் காரணம். ஆகவே அங்கே பால் வெட்டுகிறவன் பிழைக்கக் காடு முழுசாக இருந்தாக வேண்டும். சிக்கோ மென்டிஸ் என்ற பால்வெட்டுத் தொழிலாளி அமேசான் காட்டைக் காக்கும் போராட்டத்தின் முகமாக ஆனது இதனால்தான். 1988 டிசம்பரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மரம் ஒன்று, பால் ஒன்று, விடிகாலையில் கிளம்பும் உழைப்பாளியும் ஏறக்குறைய ஒன்று. அங்கே அவன் காட்டுக்குக் காவலாளி. இங்கே காடு இருந்த இடத்தில் அவன் கூலி. அவனுக்குக் கிடைத்த 'காடு' நமக்குப் பெயரளவில்தான் கிடைத்தது.

நம்மிடம் இதை யோசிக்கக் கருவி இல்லாமல் இல்லை. நிலத்தையும் மரத்தையும் பறவையையும் தொழிலையும் தெய்வத்தையும் சேர்த்தே பார்க்கும் திணை மரபு நம்முடையது. கெடாத் தோட்டத்துக்குக் கருப்பொருள் பட்டியல் போட்டுப் பாருங்கள். மரம் பிரேசிலிலிருந்து. பின்னால் வந்த செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து. செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்க்கும் சின்ன வண்டு 1981இல் கேமரூனிலிருந்து. அதுவரை அந்த வேலையைப் பல தோட்டங்களில் தொழிலாளர்கள் கையால் செய்துகொண்டிருந்தார்கள். எலி பிடிக்கப் பெட்டி வைத்து வளர்க்கும் ஆந்தை. வேலையாள் தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காட்டிலிருந்து. எல்லைச் சாமி முனியாண்டியும் கூடவே கப்பலேறி வந்தவர். முல்லையும் குறிஞ்சியும் இயல்பு கெட்டால் பாலையாகும் என்று இளங்கோ சொல்லியிருக்கிறார். நம் தோட்டத்தைப் பச்சையான பாலை என்று சொல்லலாம். பச்சையாக இருப்பதால்தான் அது பாலை என்று நமக்குத் தெரியவில்லை.

ஒரு முரணையும் சொல்லிவிடுகிறேன். 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபொகோனியே, பிறகு 'மலேசி' என்ற நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு வாங்கினார். காட்டை மாற்றிய துரை காட்டைப் பற்றிய தன் கனவை எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்த மாற்றத்தை உடம்பில் சுமந்தவர்களின் பிள்ளைகள் நாம்.

"வயித்துக்கே வழி இல்லாதவன் இருவாய்ச்சிப் பறவையப் பத்தியா எழுதுவான்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சூழலியல் என்றால் பறவை மட்டும் இல்லை. தோட்டத்தில் மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முதுகில் தோம்பு, முகத்தில் ஒரு துணி. தெனகானித்தா அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வு அவர்களின் உடல்நிலையைப் பதிவு செய்தது. அந்த ஆண்டு தடை அறிவிக்கப்பட்ட பாராகுவாட் களைக்கொல்லி 2006இல் மறுபடியும் அனுமதிக்கப்பட்டது. முழுத் தடை 2020இல்தான் வந்தது. லாலான் புல்லைக் கொன்ற அதே மருந்து மண்ணையும் ஓடையையும் தொட்டு அந்தப் பெண்ணின் நகத்தையும் தொட்டது. புல்லுக்கு ஒரு கதை, பெண்ணுக்கு ஒரு கதை என்று இதைப் பிரிக்க முடியாது. 1981இல் லூனாஸில் விஷச் சாராயம் குடித்துப் பலர் இறந்ததை ம. நவீனின் 'பேய்ச்சி' இலக்கியமாக்கியது. ஒரே இரவில் கொன்ற விஷத்துக்கு நம்மிடம் நாவல் இருக்கிறது. முப்பது வருடம் மெதுவாகக் கொன்ற விஷத்துக்கு இன்னும் வேண்டியிருக்கிறது.

இது பழைய கதையும் இல்லை. தோட்டத்தை விட்டு வந்து தாமான்களில் குடியேறிய நாம் இப்போது வேறொரு சுற்றுக்குள் இருக்கிறோம். 2018இல் பிளாஸ்டிக் கழிவை வாங்குவதைச் சீனா நிறுத்தியதும் அந்தக் கழிவு சுங்கைப்பட்டாணிக்கும் வந்தது. சட்டவிரோத ஆலைகள் இரவில் எரித்த புகை வீடுகளுக்குள் வந்தது என்று மக்கள் புகார் சொன்னார்கள். 2022 ஜூலை 4ஆம் தேதி பாலிங் பக்கம் கூப்பாங்கில் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் மூன்று உயிர்களைக் கொண்டுபோனது. குனோங் இனாசில் டுரியான் நடக் காட்டை வெட்டியதே காரணம் என்றார்கள் ஊர்க்காரர்கள். மாநில அரசுத் தரப்பு கனமழையைக் காட்டியது. அதே பாலிங் மாவட்டத்தில் கென்சியூ என்ற பூர்வகுடிகள் சில நூறு பேர் வாழ்கிறார்கள். நாம் வருவதற்கு முன்பே இந்தக் காட்டுக்குப் பெயர் வைத்தவர்கள் அவர்கள். நம் கதைகளில் அவர்கள் வந்து நான் பார்த்ததில்லை.

கெடாவின் வயலுக்கும் பினாங்கின் குழாய்க்கும் தண்ணீர் தருவது உலு மூடா காடு. ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஹெக்டர் அளவுள்ளது. மூடா, பெடு, ஆனிங் என்று மூன்று அணைகள் அதன் மழையை நம்பி இருக்கின்றன. அங்கே மரம் வெட்டலாமா கூடாதா என்ற சண்டை பல வருடங்களாக ஓடுகிறது. தாமான் வீட்டில் குழாயைத் திறக்கும்போது நமக்கும் அந்தக் காட்டுக்கும் உறவு இருக்கிறது. அந்த உறவுக்கு இன்னும் நம் மொழியில் ஒரு கதை இல்லை.

'சூழலியல் இலக்கியம்' என்று தனியாக ஒரு பெட்டி செய்யச் சொல்லவில்லை. இருக்கிற தோட்ட இலக்கியத்தையே திரும்ப வாசிப்போம். எந்தப் பக்கத்தில் காய்ச்சல் வருகிறது, எந்தப் பக்கத்தில் ஓடை வற்றுகிறது, எங்கே குரங்கும் காட்டுப்பன்றியும் லயத்துக்கு வருகின்றன என்று பென்சிலால் கோடு போட்டு வாசித்தால் எழுத்தாளர் அறியாமலே பதிவான காடு கொஞ்சம் தட்டுப்படும். புதிதாக எழுதுகிறவர்களுக்கு அதுவே போதுமான தொடக்கம்.

பாட்டியிடம் ஒருமுறை கேட்டேன், கித்தா மரத்துக்கு முன்னாடி அங்கே என்ன இருந்தது என்று. "அதுக்கு முன்னாடியா? பெரிய காடு இருந்துச்சாம்" என்றாள். அந்த ஒரு தடவை மட்டும் 'காடு' என்ற சொல்லுக்கு முன்னால் 'பெரிய' என்று சேர்த்தாள். அவளுக்கு வித்தியாசம் தெரிந்திருக்கிறது. மேற்கொண்டு கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.