சதுர அடிக்குள் அடங்காத வெயில்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ரிஷிவந்தியம் பக்கம் ஒருவர் வீடு கட்டத் தொடங்கினால், பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “சதுர அடி என்ன ரேட்டுக்குப் பேசியிருக்கீங்க?” என்பதுதான். வாசல் எந்தத் திசை என்பதுகூட அதற்கு அடுத்துதான் வரும். சிமெண்ட், கம்பி, செங்கல், எம்-சாண்ட் எல்லாவற்றையும் வீட்டுக்காரர் இறக்கித் தருவார். மேஸ்திரி கூலியை மட்டும் சதுர அடிக் கணக்கில் வாங்கிக்கொண்டு கட்டிக் கொடுப்பார். இதுதான் லேபர் காண்ட்ராக்ட். படித்தவர்கள் இதைப் பழைய முறை என்று தள்ளிவிடுகிறார்கள். அது அவசரத் தீர்ப்பு என்று நினைக்கிறேன்.

இந்தப் பகுதியில் காசு மாதச் சம்பளமாக வருவதில்லை. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு அனுப்பியவர்களுக்குப் பட்டுவாடா ஆகும்போதுதான் கையில் பணம் புரளும். பிள்ளை பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருந்தால் அவன் அனுப்பும்போது வரும். இந்த வரவுக்கு ஏற்றபடி வீடும் வளர்கிறது: ஒரு பருவத்தில் அஸ்திவாரம், அடுத்ததில் லிண்டல் மட்டம், பிறகு தளம். இடையில் ஆறு மாதம் வேலை நின்றாலும் மேஸ்திரி கோபித்துக்கொள்ள மாட்டார். வேறு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வருவார். சாவியைக் கையில் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் கம்பெனி எதுவும் இப்படிக் காத்திருக்காது. கம்பி எத்தனை கிலோ வந்தது, சிமெண்ட் எத்தனை மூட்டை தீர்ந்தது என்பதும் வீட்டுக்காரர் கண்முன்னே நடக்கிறது. மேஸ்திரி பக்கத்து ஊர்க்காரர். வேலை கெட்டால் அடுத்த வேலை கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும். எழுதாத ஒப்பந்தத்துக்கு இதைவிட நல்ல ஜாமீன் இல்லை.

கோளாறு ஏமாற்றில் இல்லை, கணக்கில் இருக்கிறது. சதுர அடிக்குக் கூலி என்றால் பரப்பளவுக்கு மட்டும்தான் கூலி. அளவுநாடாவில் பிடிபடாத எதற்கும் யாரும் பொறுப்பில்லை.

தளம் போட்ட மறுநாளைப் பாருங்கள். முதல்நாள் கலவை மெஷின் சத்தமும் சட்டி கைமாறும் வேகமும் விருந்துச் சாப்பாடுமாக ஊரே கூடியிருந்த இடத்தில் இப்போது ஆள் இல்லை. தளத்தின்மேல் சிறு சிறு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருப்பார்கள். அந்தத் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது, வழக்கப்படி, வீட்டுக்காரர் வேலை. வீட்டுக்காரர் பெங்களூரில் இருந்தால், வயதான அம்மா குடத்தோடு ஏணி ஏற வேண்டும். வெயில் காயும் இடத்தில் காங்கிரீட்டைக் குறைந்தது 10 நாளாவது நனைத்து வைக்க வேண்டும், சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது என்கிறது ஐஎஸ் 456 தர விதி. இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி அந்தச் சிமெண்ட்தான். கலக்கும் தண்ணீரின் கதை இதற்கு நேர் எதிர். எம்-20 கலவையில் மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் கூடாது என்பது விதி. தளர்வாக இருந்தால் கொட்டிப் பரப்பச் சுலபம் என்பதால் இன்னும் ஒரு வாளி சேர்ந்துவிடுகிறது. ஒரே நாளில் தளம் முடிந்தால் மேஸ்திரிக்குக் கூலி மிச்சம். விரிசல் விழுந்தால் நஷ்டம் வீட்டுக்காரருக்கு. கலவை நடக்கும்போது தவறிப்போகும் அளவும், நடந்த பிறகு தவறிப்போகும் ஈரமும் சதுர அடி ரேட்டுக்கு வெளியே நிற்கின்றன.

வெயிலும் அப்படித்தான். குளிர்நாடுகளில் வீட்டுத் திட்டம் எப்படிச் சூடேற்றுவது என்பதிலிருந்து தொடங்கும். நமக்கு அது தலைகீழ்: சூட்டை எப்படி வெளியே நிறுத்துவது என்பதே கேள்வி. கல்வராயன் மலையில் மலையாளி பழங்குடி மக்கள் மண்சுவர் எழுப்பி, புல் வேய்ந்த கூரையைத் தாழ இறக்கிக் கட்டிய குடிசைகளில் இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. மார்கழிக் குளிருக்கும் அதே கூரைதான் போர்வை. ஒழுகும், எலி குடையும், தீப்பிடிக்கும். அதனால் காங்கிரீட் கேட்கிறார்கள். கேட்பது நியாயம். ஆனால் வெறும் காங்கிரீட் தளம் பகல் முழுதும் வெயிலைக் குடித்து இரவில் கீழே உள்ளவர்கள்மேல் இறக்குகிறது. சமவெளியில் பல வீடுகளில் மொட்டை மாடிக்கு மேல் கீற்றுக் கொட்டகை முளைத்திருப்பது இதனால்தான். குடிசையை ஒழித்துக் கட்டிய வீட்டின் தலையிலேயே குடிசை வந்து உட்கார்ந்துகொள்கிறது!

அரசும் சதுர அடியைத் தாண்டி யோசிக்கவில்லை. 2011-12-ல் வந்த பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய். அதில் 30,000 சூரிய விளக்குகளுக்கு. விளக்குக்குச் சூரியனை நினைத்தார்கள், கூரைக்கு நினைக்கவில்லை. 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி, 3.50 லட்சம். அதிலும் பேச்சு பரப்பும் தளமுமாகவே இருக்கிறது. பிரதமர் வீட்டுத் திட்டத்தின் ஊரகப் பிரிவு, காண்ட்ராக்டரை வைக்கக் கூடாது, பயனாளியே கட்ட வேண்டும் என்கிறது. நடைமுறையில் பயனாளி நேராக மேஸ்திரியிடம்தான் போகிறார். காகிதத்தில் அந்த மேஸ்திரி இல்லை. குடியிருப்புகளுக்கான எரிசக்தி விதியான ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018-ல் வந்தது. கூரை வழியே வெப்பம் கடக்கும் அளவு (ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு) 1.2 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. வெறும் தளத்துக்கு அது மூன்றுக்கும் மேல். நல்ல விதி. ஆனால் 500 சதுர மீட்டருக்குக் குறைந்த மனைகளை அது தொடுவதில்லை. ரிஷிவந்தியத்தில் அந்த அளவுக்கு மனை எடுத்து வீடு கட்டுபவர் எத்தனை பேர்? 2024 ஜூலையில் வந்த சுயசான்று அனுமதி, 2,500 சதுர அடி மனை வரை அலைச்சலை ஒழித்தது உண்மை. கூடவே, வெளியாள் ஒருவர் வந்து கட்டடத்தைப் பார்க்கும் வாய்ப்பும் போயிற்று.

மாற்று தெரியாமல் இல்லை. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில், செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டில் சுவர் எழுப்பிச் செங்கல்லில் கால்பங்கு வரை மிச்சம் காட்டினார். சுவருக்குள் நிற்கும் காற்று சூட்டையும் தடுத்தது. ஆரோவில் மண் ஆய்வு நிறுவனம் 1989 முதல் மண்கட்டி அழுத்தி வீடு கட்டக் கற்றுத் தருகிறது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும்வரை ஆரோவிலும் ரிஷிவந்தியமும் ஒரே விழுப்புரம் மாவட்டம்தான். இருந்தும் அந்த வித்தை ஏன் இங்கே பரவவில்லை? எலிப்பொறிக் கட்டுக்குச் செங்கல் ஒரே அளவில் இருக்க வேண்டும், கை நிதானமாக ஓட வேண்டும். சதுர அடி ரேட்டில் நிதானத்துக்குக் கூலி இல்லை. புது வேலை கற்கும் மேஸ்திரி தன் கைக்காசைப் போட்டுத்தான் கற்க வேண்டும். அவரைக் குறைசொல்வதில் நியாயம் இல்லை.

ஆகவே லேபர் காண்ட்ராக்டை ஒழிக்க வேண்டியதில்லை, பிரித்துப் பேசினால் போதும். சுவருக்கும் தளத்துக்கும் சதுர அடி ரேட் இருக்கட்டும். தளத்துக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டு ஓடு பதிப்பது, மேற்குச் சுவருக்கு அகலமான சன்ஷேடு, 14 நாள் தண்ணீர் விட ஒரு ஆள் கூலி, இந்த மூன்றும் தனித்தனி வரியாக, தனித்தனித் தொகையாக இருக்க வேண்டும். ஓடு பதிக்கக் காசு இல்லாதவர் கோடைக்கு முன் மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே வித்தியாசம் தெரியும். பிறகு ஏசி வாங்கி, இரண்டு மாத மின்சாரக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டி, கட்டணப் பட்டியலே மாறும்போது திகைப்பதைவிட இது மலிவு. அந்த மூன்று வரியையும் எழுதச் சொன்னால் மேஸ்திரி மறுக்கப்போவதில்லை. எக்ஸ்ட்ரா கேட்பார். கேட்கட்டும்.