குறுங்காலச் சமயப்பணிப் பயண அறிக்கைகளும் சம்பூரு மொழியும்: ஒரு திறனாய்வு

0. முன்னுரை

கென்யாவின் வடபகுதியில் கால்நடை வளர்ப்பை வாழ்வாகக் கொண்ட சம்பூரு மக்களிடையே வெளிநாட்டுத் திருச்சபைக் குழுக்கள் ஓரிரு வாரம் தங்கிப் பணியாற்றித் திரும்புவது இன்று பரவலான வழக்கமாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலிருந்து மட்டும் ஆண்டுதோறும் 15 இலட்சத்துக்கு மேற்பட்ட திருச்சபை உறுப்பினர்கள் இத்தகைய குறுங்காலப் பயணங்களில் வெளிநாடு செல்வதாக 2000களின் நடுப்பகுதியில் ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். திரும்பியவர்கள் தம் சபையாருக்கும் பொருளுதவி செய்தோருக்கும் அறிக்கை எழுதுகின்றனர். இவ்வறிக்கைகள் இன்று தனியொரு உரைவகையாக வளர்ந்துள்ளன.

இவ்வுரைவகையைச் சமயவியலாரும் பொருளியலாரும் ஆராய்ந்துள்ளனர். 1998ஆம் ஆண்டுப் பெரும்புயலுக்குப்பின் ஒண்டுராசு நாட்டில் கட்டப்பட்ட வீடுகளைக் கர்ட் வெர் பீக் ஆராய்ந்தார். வெளிநாட்டுக் குழுவினர் கட்டிய வீடுகளில் குடியேறியோர்க்கும் உள்ளூர் அமைப்புகள் கட்டிய வீடுகளில் குடியேறியோர்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது 2006இல் வெளிவந்த அவர் ஆய்வின் முடிவாகும். கட்டடத்தைப் பற்றிய இவ்வினாவைப் பலர் எழுப்பியுள்ளனர். சொல்லைப் பற்றிய வினா அந்த அளவுக்கு எழுப்பப்படவில்லை. அறிக்கையில் ‘கூறினோம்’, ‘கேட்டனர்’, ‘ஏற்றுக்கொண்டனர்’ என வரும் வினைகள் எம்மொழியில் நிகழ்ந்தன? ‘ஏற்றுக்கொண்டனர்’ என்பதற்கு மூலமான சம்பூருச் சொல் யாது? மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கேட்டற்குரிய இவ்வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

1. உரைவகையின் இயல்புகள்

இவ்வறிக்கைகளைத் தொடர்ந்து படிப்போர்க்கு அவற்றின் அமைப்பு விரைவில் புலப்படும். வழிப்பயணத்தின் கடுமையும் வறட்சி நிலத்தின் தோற்றமும் முதலில் கூறப்படும். வறுமையிலும் மகிழ்வோடு வாழும் மக்கள் என்னும் வியப்பு அடுத்து வரும். கூட்டங்கள், மருத்துவ முகாம், குழந்தைகளுக்கான விளையாட்டு ஆகியன நாள்வாரியாகச் சொல்லப்படும். இறுதியில் ‘நாங்கள் கொடுக்கச் சென்றோம்; பெற்றுத் திரும்பினோம்’ என்னும் பொருள்பட ஒரு முடிப்பு அமையும்.

இவ்வமைப்பில் இரண்டு இடைவெளிகள் காணப்படுகின்றன. ஒன்று வரலாறு பற்றியது. நற்செய்தியையே கேட்டறியாத மக்கள் என்னும் தொனி பல அறிக்கைகளில் ஒலிக்கிறது. ஆனால் மார்சபிட்டுக் கத்தோலிக்க மறைமாவட்டம் 1964இலேயே நிறுவப்பட்டது. அதிலிருந்து மராலால் மறைமாவட்டம் 2001இல் பிரிக்கப்பட்டது. கிறித்தவம் அம்மண்ணில் இரண்டு மூன்று தலைமுறை வரலாறு உடையது.

மற்றொன்று மொழி பற்றியது. மொழிபெயர்த்தவர் அறிக்கையில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. இடம்பெற்றாலும் ஓட்டுநருக்கும் சமையற்காரருக்கும் உரிய நன்றிப் பட்டியலில் ஒருவராக நிற்கிறார். பயணியின் சொல் கேட்போர் உள்ளத்தை நேரே சென்றடைந்ததுபோன்ற தோற்றம் இதனால் உண்டாகிறது. உண்மையில் பயணியின் சொற்கள் பெரும்பாலும் கேட்போரை அவ்வாறு அடைவதில்லை. அவர்கள் கேட்பவை பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரின் சொற்களே.

2. மொழிச் சூழல்

சம்பூரு மொழி நைலோ-சகாரா மொழிக் குடும்பத்தின் கிழக்கு நிலோத்தியக் கிளையைச் சார்ந்தது. மாசாய் மக்களின் பேச்சோடு சேர்த்து மா மொழியின் வகைகளுள் ஒன்றாகக் கருதப்படுவது. 2010ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி கென்யாவின் தேசிய மொழி சுவாகிலி. ஆட்சிமொழிகள் சுவாகிலியும் ஆங்கிலமும். சுவாகிலி பாண்டு இனத்தைச் சார்ந்தது. சம்பூருவோடு அமைப்பு ஒற்றுமை இல்லாதது. பயணியின் ஆங்கிலம் சிலபோது நேராகவும், சிலபோது சுவாகிலி வழியாகவும் சம்பூருவை அடைகிறது.

இச்சங்கிலியில் பால் பாகுபாடு என்னவாகிறது என்பது நோக்கற்பாலது. ஆங்கிலத்தில் கடவுளைச் சுட்டும் பதிலிடுபெயர் ஆண்பாலது. சுவாகிலியில் பெயர்கள் வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஆண்பால் பெண்பால் வேறுபாடு இலக்கணத்தில் இல்லை. மா மொழியிலோ பெயர்ச்சொற்கள் பால்காட்டும் முன்னொட்டைப் பெறுகின்றன. கடவுளைக் குறிக்கும் சொல் மாசாயில் ‘எங்காய்’, சம்பூருவில் ‘ங்காய்’. இச்சொல்லின் முன்னொட்டு பெண்பாலுக்கு உரியது. அதனைத் தழுவும் எச்சத் தொடர்களும் பெண்பால் ஒட்டையே ஏற்கும்: ஆண்பால் ஒருமைக்கு ‘ஓ-’ வருமிடத்தில் இங்கு ‘நா-’ வரும். மாசாய் வழக்கில் கருணையுடைய கரிய கடவுள் ‘எங்காய் நாரோக்’ எனப்படுவது இதற்குச் சான்று.

இதனைக்கொண்டு சம்பூருக் கடவுள் ஒரு பெண் தெய்வம் என்று முடிவுகட்டுதலும் பொருந்தாது. மா மொழியில் பெண்பால் முன்னொட்டு சிறுமையையும், ஆண்பால் முன்னொட்டு பெருமையையும் குறித்து வருதல் உண்டு. ‘ஒலாலெம்’ என்பது வாள். ‘எங்காலெம்’ என்பது கத்தி. இலக்கணப் பாலை இயற்கைப் பாலாகக் கொள்ளுதல் கூடாது என்பது மொழியியலின் பாலபாடம். எனினும் ‘தந்தையாகிய கடவுள்’ எனப் பயணி கூறும்போது, ஆண்பால் ஒட்டை வேண்டும் தந்தைப் பெயரும் பெண்பால் ஒட்டை வேண்டும் ‘ங்காய்’ என்னும் பெயரும் ஒரே தொடரில் வந்து நிற்கின்றன. பின்வரும் எச்சம் எதனைத் தழுவுவது என்பதை நின்ற நிலையிலேயே மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்தாக வேண்டும். இம்முடிவு ஒரு கூட்டத்தில் பலமுறை எடுக்கப்படுகிறது. அறிக்கையில் அதன் சுவடே இல்லை.

‘ங்காய்’ கடவுளை மட்டும் குறிப்பதன்று. வானமும் மழையும் அச்சொல்லின் பொருட்பரப்பில் அடங்கும். 2020 முதல் 2023 வரை ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியில் தொடர்ந்து ஐந்து பருவமழைகள் பொய்த்தன; கால்நடைகள் பெருமளவில் மடிந்தன. அத்தகைய காலத்தில் ‘கடவுள் உங்களை நேசிக்கிறார்’ என்னும் ஒரு தொடர், மழையையும் உணர்த்தும் சொல்லை எழுவாயாகக் கொண்டு கேட்போரை அடைகிறது. அதனை ஆறுதலாகக் கேட்டிருக்கலாம், வாக்குறுதியாகக் கேட்டிருக்கலாம், வறண்ட வானத்தின்கீழ் நின்று பொய்யாகவும் கேட்டிருக்கலாம். மூன்றனுள் எது என்பதைக் கேட்டறிந்த பின்னரே அவர்கள் மகிழ்ந்தனர் என்று எழுதுதல் முறையாகும்.

3. ‘நம்புகிறீர்களா?’ என்னும் வினா

இவ்வறிக்கைகளின் உச்சம் எண்ணிக்கையில் அமைகிறது. இத்தனை பேர் கையுயர்த்தினர், இத்தனை பேர் ஏற்றனர் என்பதே பயணத்தின் பயனாகக் காட்டப்படும். அவ்வெண்ணிக்கைக்கு அடிப்படையான வினா ‘நீங்கள் நம்புகிறீர்களா?’ என்பது. மா மொழியில் இதற்குப் பயன்படும் வினையடி ‘இருக்’. நம்புதல் என்பதோடு இசைதல், ஒப்புதல், கீழ்ப்படிதல் ஆகிய பொருள்களும் இதற்கு உண்டு. எனவே ‘நம்புகிறீர்களா?’ என்பது ‘இசைகிறீர்களா?’ என்றும் கேட்கும்.

இவ்வினையடியின் சிக்கலை வின்சென்ட் டோனவன் 1978இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்துள்ளார். தான்சானியாவின் மாசாய் மக்களிடையே நீண்டகாலம் பணியாற்றிய கத்தோலிக்கத் துறவி அவர். விசுவாசத்துக்கு அவர் ஆண்ட சொல் வெறும் இசைவையே குறிக்கிறது என மாசாய் முதியவர் ஒருவர் எடுத்துக்காட்டுகிறார். தொலைவில் நின்று துப்பாக்கியால் விலங்கைச் சுடும் வெள்ளை வேட்டைக்காரனின் செயலோடு அதனை ஒப்பிடுகிறார். உண்மையான விசுவாசம் சிங்கம் இரையைப் பற்றுவது போன்றது, முழு உடலும் ஈடுபடுவது என்கிறார். சமயவியலார் இப்பகுதியை உருவகத்தின் அழகுக்காக எடுத்தாள்வர். மொழிபெயர்ப்பாளர் நோக்கில் அதன் சிறப்பு வேறு. கேட்பவர் பேசுபவரின் சொல்லைத் திருத்துகிறார். பேசுபவர் அத்திருத்தத்தை ஏற்று எழுதிவைக்கிறார். பல்லாண்டுப் பழக்கமும், தாம் சொல்வதை மறுத்துரைக்கும் உரிமையைக் கேட்பவருக்கு அளித்த நட்பும் இல்லாவிடில் இது நிகழ்ந்திராது.

பத்து நாள் பயணத்தில் அத்தகைய முதியவர் என்ன செய்வார்? சம்பூருச் சமுதாயத்தில் ‘ங்கான்யித்’ எனப்படும் மதிப்புணர்வு பெரிதும் போற்றப்படுகிறது. பால் சுபென்சர் 1965இல் வெளியிட்ட, முதியோர் ஆட்சி பற்றிய நூலில் இக்கருத்தாக்கம் விரிவாகப் பேசப்படுகிறது. தொலைவிலிருந்து வந்த விருந்தினர், அதுவும் மருந்தும் உணவும் கொணர்ந்தவர், ‘இசைகிறீர்களா?’ என்று பலர்முன் வினவும்போது ‘இல்லை’ என்பது அவ்வுணர்வுக்கு எளிதாக இராது எனக் கருத இடமுண்டு. அங்கு உயர்ந்த கை பண்பாட்டின் விடையாகவும் இருக்கலாம். அறிக்கையோ அதனை உள்ளத்தின் விடையாக மட்டுமே எண்ணுகிறது.

4. இடைநிறுத்தமும் மறுமொழியும்

சம்பூரு முதியோர் வாழ்த்துரைக்கும் முறையைச் சுபென்சர் குறித்துள்ளார். ஒருவர் வாழ்த்தைச் சிறுசிறு தொடர்களாக ஓதுவார். ஒவ்வொரு தொடரின் இறுதியிலும் சூழ இருப்போர் ‘ங்காய்’ என மறுமொழி தருவர். இது வாழ்த்துச் சடங்கின் கட்டமைப்பு.

தொடர்தொடராக மொழிபெயர்க்கப்படும் வழிபாட்டுரையும் இதே வடிவத்தையே பெறுகிறது. பயணி ஒரு தொடர் கூறி நிறுத்துகிறார். மொழிபெயர்ப்பாளர் அதனைச் சொல்லி நிறுத்துகிறார். அந்த இடைநிறுத்தம், சம்பூரு மரபில் மறுமொழிக்குரிய இடமாகும். அங்கே ‘ங்காய்’ என்னும் ஒலி எழுமாயின், பயணியின் கொள்கையை அவர்கள் ஏற்றனர் என்பது அதற்குப் பொருளாகாது. ஒரு வாழ்த்தை வாழ்த்தாகக் கேட்டு முறைப்படி நிறைவு செய்தனர் என்பதே முதற்பொருள். பேச்சுச் செயல்களை ஆராய்வோர் வற்புறுத்தும் வேறுபாடு இது: சொல் ஒன்றாயினும் செயல் வேறாகலாம்.

வேண்டுதலைக் குறிக்கும் வினையடி ‘ஓமோன்’ என்பதும் இங்கு எண்ணத்தக்கது. கடவுளிடம் மன்றாடுதலும் மனிதரிடம் இரத்தலும் இவ்வொரு வினையாலேயே கூறப்படும். ‘அவர்களுக்கு வேண்டக் கற்றுக்கொடுத்தோம்’ என்னும் அறிக்கைத் தொடரை மா மொழியில் பெயர்த்துப் பார்த்தால், எழுதியவர் எண்ணாத ஒரு பொருளும் அதில் தலைகாட்டும்.

5. தமிழ் அனுபவம்

இச்சிக்கல்கள் சம்பூருவுக்கே உரியன அல்ல. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு வரலாறு இதற்குத் தக்க ஒப்பீடு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ‘சருவேசுரன்’ என்னும் சொல்லை ஆண்டார். அவருடைய புதிய ஏற்பாடு 1714-15இல் அச்சேறியது. பபிரீசியசு ‘பராபரன்’ என்றார். பவர் தலைமையிலான 19ஆம் நூற்றாண்டுத் திருத்தம் ‘தேவன்’ என்றது. 1995ஆம் ஆண்டின் திருவிவிலியம் ‘கடவுள்’ என்கிறது.

இன்னும் நுண்ணிய சான்று ‘நம்பிக்கை’ என்னும் சொல். பவர் திருத்தத்தில் ‘விசுவாசம், நம்பிக்கை, அன்பு’ என அடுக்கப்பட்ட மூன்றும் திருவிவிலியத்தில் ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’ என அமைந்தன. முன்னதில் இரண்டாம் இடத்தில் இருந்த சொல் பின்னதில் முதலிடத்துக்கு வந்துள்ளது. சமயத்தின் மையமான ஒரு சொல், அச்சேறி ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு ஆகியும் இடம் மாறியிருக்கிறது. ஆகவே காலத்தின் நீளம் மட்டும் மொழிபெயர்ப்பைச் செம்மைப்படுத்திவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மொழிக்குரியோர் ஒவ்வொரு தலைமுறையிலும் திருத்தும் உரிமையைப் பெற்றிருந்தமையே தமிழில் நிகழ்ந்த வளர்ச்சிக்குக் காரணம்.

மா மொழியிலும் அத்தகைய பணி நடந்துள்ளது. மாசாய் மொழியினரான சான் தொம்போ ஒலெ எம்பாயி, தக்கருடன் இணைந்து 1955இல் மாசாய் இலக்கணத்தை வெளியிட்டார். மாசாய் நாட்டில் பணிபுரிந்த பிரான்சு மோல் என்னும் துறவி 1978இல் அகராதி தந்தார். எனவே சமயப்பணி மொழிக்குப் பகை எனல் பொருந்தாது. சமயப்பணியாளர் தந்த நூல்களையே குறுங்காலப் பயணியர் திறந்து பார்ப்பதில்லை என்பதே நம் குறை.

6. முடிவுரை

குறுங்காலப் பயணியர் பலர் நல்லெண்ணத்தோடு செல்கின்றனர் என்பதில் ஐயமில்லை. மருத்துவ முகாமில் கட்டப்பட்ட புண்ணுக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை. ஆனால் ‘ஏற்றனர்’ என்பது புண் அன்று. அது மற்றொருவர் உள்ளத்தைப் பற்றிய கூற்று. பிறர் உள்ளத்தைப் பற்றிக் கூறுவோர் அவர் சொன்ன சொல்லையாவது அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்வுரைவகையை எழுதுவோரும் பிறமொழிகளுக்குப் பெயர்ப்போரும் மூன்று செய்திகளையேனும் பதிவு செய்தல் நலம். பேச்சு எம்மொழிகளின் வழியாகச் சென்றது என்பது ஒன்று. மொழிபெயர்த்தவர் யார், எந்தச் சொற்களில் தயங்கினார் என்பதை அவர் இசைவோடு குறித்தல் இரண்டாவது. கேட்போர் தந்த மறுமொழியை அவர்தம் மொழியிலேயே எழுதிப் பின்னர்ப் பொருள் கூறுதல் மூன்றாவது. இவ்வாறு எழுதினால் எண்ணிக்கைகள் பல குறையக்கூடும். ஆனால் இன்று பெயரின்றிப் பந்தலின் ஓரத்தில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் அறிக்கையினுள் வருவார். ‘நீங்கள் கேட்டது அதுவன்று’ என்று சொல்ல ஒரு சம்பூரு முதியவருக்கு அதில் இடம் கிடைக்கும்.