பட்டாளப் பதிவேட்டில் இல்லாத மகன்

தருமபுரி அருகே அதியமான்கோட்டையில் பட்டாளத்துக்குப் போவது என்றால் விண்ணப்பம் போட்டு, ஆள்சேர்ப்பு முகாமில் ஓடி, நெஞ்சளவு காட்டி, மருத்துவச் சோதனையில் தேறிச் சேர்வது. கிடைத்தால் ஊருக்கே பெருமை. கிடைக்காவிட்டால் வேறு வேலை. சுதந்திர இந்தியாவில் கட்டாய ராணுவ சேவை இருந்ததில்லை. அதனால்தான், தருமபுரிப் பக்கமிருந்து பெங்களூர் வழியாக அமெரிக்கா போய்க் குடியேறிய தகப்பனுக்கு, பதினெட்டு வயது மகனின் பெயரைப் படைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பது எளிதில் தோன்றுவதில்லை. பல ஆண்டு கழித்து மகன் குடியுரிமைக்கு எழுதிப் போடும்போது, பெயர் பதியாததற்கு விலை கேட்கப்படுகிறது. அந்த விலை நியாயமானதா?

அமெரிக்காவில் வசிக்கும் 18 முதல் 25 வயது வரையிலான ஆண்கள், குடிமக்களாயினும் கிரீன் கார்டு பெற்ற நிரந்தரவாசிகளாயினும், ‘செலக்டிவ் சர்வீஸ்’ பதிவேட்டில் பெயர் கொடுக்க வேண்டும். கட்டாய ஆள்சேர்ப்பு 1973இல் நின்றது. 1975இல் பதிவும் நின்றது. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தபின், 1980இல் அதிபர் கார்ட்டர் பதிவை மட்டும் திரும்பக் கொண்டுவந்தார். அன்று முதல் ஒருவரையும் படைக்கு அழைக்காத பட்டியல் இது. பதியாதவருக்கு 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம் என்பது ஏட்டில் இருக்கிறது. 1980களோடு வழக்குகள் ஓய்ந்துவிட்டன. கல்லூரி உதவித்தொகையோடு இருந்த முடிச்சையும் மத்திய அரசு அவிழ்த்துவிட்டது. அங்கேயே பிறந்தவன் பதியாவிட்டால் அரசு வேலை போன்ற சிலவற்றைத்தான் இழப்பான். குடியேறியவனுக்கோ குடியுரிமையே ஊசலாடும்.

எல்லோருக்கும் அல்ல. எச்-4 (குடும்பத்தார்), எஃப்-1 (மாணவர்), எச்-1பி (வேலை) போன்ற விசாக்களில் முறையாக இருப்பவருக்கு விலக்கு உண்டு. 27 வயதில் ஐடி வேலைக்குப் போனவர் பதற வேண்டியதே இல்லை. எச்-4இல் வளர்ந்து, 21இல் எஃப்-1க்கு மாறி, 26 வரை விசாவிலேயே ஓட்டிய பையனும் தப்பினான், மாணவர் விசாவுக்கான பழைய ஐ-20 தாள்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால். 18க்கு மேல் அங்கிருந்தபடியே கிரீன் கார்டு கேட்பவனின் விவரத்தைக் குடியேற்றத் துறையே பதிவேட்டுக்கு அனுப்பிவிடுகிறது. சிக்குபவன், 16, 17 வயதில் பெற்றோரோடு சேர்த்து கிரீன் கார்டு வாங்கியவன். அப்போது அவனுக்குப் பதியும் வயதில்லை. வயது வந்தபோது அவனுக்கு நினைவூட்டும் விண்ணப்பம் எதுவும் கையில் இல்லை. ஓட்டுநர் உரிமம் எடுக்கையில் பல மாநிலங்களில் பதிவாகிவிடும். சிலருக்கு அதுவும் நடப்பதில்லை.

குடியுரிமைப் படிவமான என்-400 இதை நேராகவே கேட்கிறது. 26 ஆகாதவன் உடனே பதிந்துவிடலாம். மாட்டேன் என்றால் குடியுரிமை மறுக்கப்படும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 31ஐக் கடந்தவனுக்குப் பொதுவாகத் தடையில்லை. விண்ணப்பத்துக்கு முன் நன்னடத்தை பார்க்கப்படும் 5 ஆண்டுக்கு வெளியே அந்தத் தவறு போய்விடுகிறது. இதுவும் சரி. வில்லங்கம் இடைப்பட்டவனுக்குத்தான். 26 முடிந்ததால் இனிப் பதியவும் முடியாது. தெரிந்தே வேண்டுமென்று விடவில்லை என்று அவனே நிறுவ வேண்டும். பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு நிலைமைக் கடிதம், கூடவே சத்தியப் பிரமாணம். ஒன்றைச் செய்ததற்குச் சாட்சி கொண்டுவரலாம். ஒன்று தெரியாது என்பதற்கு எதைக் கொண்டுவருவது?

விதியின் தரப்பு வாதம் வலுவற்றதல்ல. குடியுரிமை கேட்பவன் நாட்டின் சட்டத்துக்கு அடங்கி நடந்தானா என்று பார்க்க அரசுக்கு உரிமை உண்டு. தெரியாமல் விட்டவனை மன்னிக்கவும் இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் இதே நாட்டின் உச்ச நீதிமன்றம், ஆயுதம் ஏந்த மறுத்த கனடாக்காரர் ஒருவர் குடியுரிமை பெறலாம் என்று 1946இல் ஜிரார்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. குடியுரிமை உறுதிமொழியிலும் சமய நம்பிக்கையால் ஆயுதம் ஏந்தாதவருக்கு மாற்றுப் பணி உண்டு. (அவரும் பெயர் பதியத்தான் வேண்டும்.) போருக்குத் தயாரா என்பதை விட்டுவிட்டு, படிவம் நிரப்பினாயா என்பதில் வந்து நிற்கிறது சோதனை.

சிங்கப்பூரோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். அங்கே நிரந்தரவாசிகளின் மகன்கள் 2 ஆண்டு தேசிய சேவை செய்கிறார்கள். செய்யாமல் நிரந்தரவாசத்தைத் துறந்தால், பின்னாளில் படிக்கவோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அது பாதகமாகும். கடுமைதான். ஆனால் கூடப் படித்தவன் சீருடை மாட்டி 2 ஆண்டு கழிக்கும்போது, விலகியவனிடம் கணக்குக் கேட்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. அமெரிக்காவில் யார் தோளிலும் அந்தச் சுமை ஏறவில்லை.

அமெரிக்க அரசே விதியின் காலை வாரிவிட்டது. ஆண்களைத் தானாகவே பதியும் முறைக்கு 2025 டிசம்பரில் கையெழுத்தான பாதுகாப்புச் சட்டம் வழிசெய்திருக்கிறது. அரசே செய்துகொள்ளக்கூடிய வேலை என்று ஒப்புக்கொண்டபின், அதை முன்பு செய்யத் தவறிய பையனின் நடத்தையைச் சந்தேகிப்பது எடுபடாது. ஆகவே இந்த விதி நிற்கட்டும். நிரூபிக்கும் பாரம் மட்டும் இடம் மாற வேண்டும். நினைவூட்டல் அனுப்பினோம், அது அவன் கைக்குப் போனது என்று அரசு காட்டட்டும். காட்ட முடியாத இடத்தில் அவன் அறியாமையை ஏற்றுக்கொள்ளட்டும். கடிதம் வந்தும் குப்பையில் போட்டவனுக்காக நான் வாதாட மாட்டேன். அவன் 31 வயது வரை காத்திருக்கலாம்.