தேடித் தீர்த்த பூங்கா

அமெரிக்காவின் மத்திய மேற்கில் எந்தப் பழைய நகரத்துக்குப் போனாலும் நூறு வயதைத் தாண்டிய பூங்கா ஒன்று இருக்கும். பெரிய ஓக் மரங்கள், ஒரு வாத்திய மேடை, குளிர்காலத்தில் பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடும் ஒரு சரிவு. மெட்டல் டிடெக்டரும் கையுமாக அலையும் உள்ளூர்க்காரர்களிடம் விசாரித்தால், அங்கே இனி ஒன்றும் இல்லை என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. 1964 வரை ஆண்டு பொறித்த பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் காசுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. 1970களில் டிடெக்டர் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. 1980 ஜனவரியில் வெள்ளி விலை அவுன்சுக்கு ஐம்பது டாலரை நெருங்கியது. புல்லுக்கு அடியில் மேலாகக் கிடந்ததையெல்லாம் முதல் தலைமுறைக்காரர்கள் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் விட்டுவைக்கவில்லை.

அப்படிப்பட்ட பூங்காவில் இன்றைக்கும் ஒருவர் ஒரு மாலைப்பொழுதைச் செலவழித்து ஒரே ஒரு பழங்காசோடு திரும்புகிறார். அவருடைய வித்தைதான் என்னை ஈர்க்கிறது. யாரும் தொடாத பண்ணை நிலத்தில் காசு எடுக்க நல்ல இயந்திரமும் நல்ல வாய்ப்பும் போதும். இங்கே கிடப்பவையோ ஆழத்தால் தப்பியவை, இரும்பின் மறைவில் ஒளிந்தவை, எத்தனையோ பேர் காதில் விழுந்தும் குப்பையென்று ஒதுக்கப்பட்டவை.

ஆழத்துக்குக் காரணம் மண்புழு. சார்லஸ் டார்வின் 1842 டிசம்பரில் தன் வீட்டருகே ஒரு வயலில் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பரப்பினார். 29 ஆண்டு பொறுத்திருந்து, 1871 நவம்பர் கடைசியில் அங்கே பள்ளம் வெட்டிப் பார்த்தார். மேற்பரப்புக்கு ஏழு அங்குலம் கீழே வெள்ளைத் துண்டுகள் கோடு போட்டதுபோலத் தெரிந்தன. புழு அடிமண்ணைத் தின்று மேலே வந்து கழிக்கிறது. அது படியப் படிய, மேலே கிடந்த பொருள் இருந்த இடத்திலேயே உள்ளே போகிறது. மண்புழுக்களைப் பற்றிய தன் நூலை 1881இல் வெளியிட்ட டார்வின், பழம்பொருள்களைக் காத்துக் கொடுக்கும் புழுக்களுக்குத் தொல்லியலாளர்கள் நன்றி சொல்ல வேண்டும் என்ற கருத்தையும் அதில் எழுதினார். சாதாரண டிடெக்டர் காசளவு பொருளைத் தெளிவாகச் சொல்லும் எல்லையும் ஏறக்குறைய அந்த ஏழு அங்குலம்தான். அதற்காக ஆழத்தை வைத்து வயதைக் கணக்கிட முடியாது. மண் கொட்டி மேடாக்கிய இடத்தில் நேற்றைய காசு ஒரு சாண் கீழே கிடக்கும். வேர்கள் பின்னிக் கிடக்கும் மரத்தடியில் நூறாண்டுக் காசு விரற்கடை ஆழத்திலேயே தங்கியிருக்கும்.

அதே 1881இல் இந்த வித்தையின் இன்னொரு பாதியும் பிறந்தது. ஜூலை 2 அன்று அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிவிட்ட குண்டைக் கண்டுபிடிக்க அலெக்சாண்டர் கிரகாம் பெல் மின்தூண்டலால் இயங்கும் ஒரு கருவியைச் செய்துகொண்டு வந்தார். தொலைபேசியின் கேட்கும் முனையைக் காதில் வைத்து, கம்பிச் சுருளை அதிபரின் உடல்மீது நகர்த்திப் பார்த்தார்கள். குண்டு அகப்படவில்லை. மெத்தைக்கு அடியிலிருந்த எஃகுக் கம்பிகளும் ஒலியைக் குழப்பின. மருத்துவர் தேடச் சொன்னதோ குண்டு இல்லாத பக்கத்தில். செப்டம்பரில் கார்ஃபீல்டு இறந்துபோனார். தேடும் பொருளை அருகிலிருக்கும் இரும்பு மறைத்துவிடும் என்ற அந்தப் பாடத்தைத்தான் பூங்காவில் நடப்பவர் ஒவ்வொரு அடியிலும் படிக்கிறார். பழைய ஆணி, சோடா மூடி, எப்போதோ பிடுங்கிப்போட்ட வேலிக் கம்பி எல்லாம் அந்தப் புல்லுக்கு அடியில் இருக்கின்றன.

இயந்திரம் செய்வது எளிய வேலை. காயில் எனப்படும் கம்பிச் சுருளில் ஓடும் மாறுமின்னோட்டம் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் எழுந்து, தன் பங்குக்கு ஒரு புலத்தைச் சற்றே தாமதமாகத் திருப்பி அனுப்புகிறது. மின்சாரம் நன்றாகப் பாயும் தடித்த வெள்ளிக்குத் தாமதம் அதிகம். மெல்லிய அலுமினியத் தாளுக்குக் குறைவு. இயந்திரம் அந்தத் தாமதத்தை ஒலியாக்கி ஹெட்போனில் கொடுக்கிறது, கூடவே திரையில் ஓர் எண்ணையும் காட்டுகிறது. எண்ணைப் பார்த்துத் தோண்டுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் தேடித் தீர்த்த பூங்காவில் எண்ணை நம்ப முடியாது. ஆழத்திலிருந்து வரும் சமிக்ஞை மண்ணிலுள்ள தாதுக்களின் குறுக்கீட்டில் கலங்கி, எண் தாவிக்கொண்டே இருக்கும்.

சந்தையில் பானையைச் சுண்டிப் பார்த்தே விரிசல் கண்டுபிடிக்கும் பெண்களின் காதுதான் இங்கே வேண்டும். வெள்ளியின் ஒலி உருண்டு, நிதானமாக ஏறி இறங்கும்; தொடக்கமும் முடிவும் மெத்தென்றிருக்கும். துருவேறிய ஆணியின் முனையும் சில நேரம் அதே உயரத்தில் கூவும். ஆனால் அது வெடுக்கென்று வந்து பாதியில் அறுந்துவிடும். ஆணி மேலிருந்து காயிலை இரண்டங்குலம் நகர்த்தினால் ஒலியும் இடம் மாறிப் போகும். நின்ற இடத்தைச் சுற்றி நடந்து, தொண்ணூறு பாகை திரும்பி மறுபடி வீசிப் பார்ப்பார் பழகியவர். இரண்டு திசையிலும் அதே இடத்தில் அதே ஒலி நின்றால் கத்தியை எடுப்பார். நெட்டுக்குத்தாக நிற்கும் காசு ஒரு திசையில்தான் பேசும். அதையும் கேட்டு எடுப்பவர்களின் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

பழகியவரின் நடையே வேறு. பார்க்கிறவர்களுக்கு அவர் நிற்பதுபோல் தெரியும். காயில் புல்லை உரசியபடி, முந்தைய வீச்சின்மேல் பாதி படியுமாறு ஆமை வேகத்தில் போகும். அகலமான காயில் ஒரே நேரத்தில் நாலு ஆணியையும் ஒரு காசையும் சேர்த்துக் கேட்டுக் குழம்பும் என்பதால் ஆறு அங்குலக் காயிலைப் பூட்டியிருப்பார். இரும்பின் சத்தத்தை அடைத்துவிடும் வசதி பெரும்பாலான இயந்திரங்களில் உண்டு. அவர் அதைத் தொடமாட்டார். இரும்பின் முணுமுணுப்புக்கு நடுவே கால் நொடி எட்டிப் பார்க்கும் ஒரு துளி இனிமைக்காகத்தானே வந்திருக்கிறார். 2018இல் விற்பனைக்கு வந்த மைன்லேப் ஈக்வினாக்ஸ் போன்ற பல அலைவரிசைக் கருவிகள் பல பூங்காக்களுக்கு மறுவாழ்வு தந்தன என்பது உண்மை. ஆனாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கருவியை மாற்றுகிறவரைவிட, ஒரே கருவியின் ஒலியைப் பத்தாண்டு கேட்டுப் பழகியவர் பக்கமே நான் நிற்பேன்.

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அவருக்கு உகந்தது. ஈரமண்ணில் ஆழத்து ஒலி துலங்கும், புல்லும் பிழைக்கும். குதிரை லாட வடிவில் மூன்று பக்கம் வெட்டி, நான்காம் பக்கத்தைக் கீல்போல விட்டு, புல்தட்டை வேரோடு புரட்டுவார். மண்ணை விரித்த துணியில் போட்டு, வேலை முடிந்ததும் ஒரு பிடி சிந்தாமல் திரும்பக் கொட்டி மிதித்துவிடுவார். இரண்டு அடி தள்ளி நின்றால் வெட்டிய இடம் உங்களுக்குத் தெரியக்கூடாது. கோடை வறட்சியில் வெட்டிய புல் காய்ந்து வட்டம் போடும் என்பதால் அந்த மாதங்களில் நல்லவர்கள் கத்தியை எடுப்பதில்லை. நகரப் பூங்காக்களில் அனுமதி ஊருக்கு ஊர் மாறும்; தேசியப் பூங்காக்களில் டிடெக்டரைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். இந்தக் கட்டுப்பாடுகளை நான் மனதார ஆதரிக்கிறேன். பள்ளத்தை மூடத் தெரியாதவர் எவ்வளவு காசு எடுத்தாலும் அவரை நான் இந்தக் கலையில் சேர்ப்பதில்லை.

வெள்ளி மண்ணிலிருந்து வெளியே வரும் விதம் அழகானது. செம்பு பச்சை பிடித்து அரிபட்டிருக்கும். வெள்ளியோ கரிய மண்ணைப் பிளந்ததும் விளிம்பு மட்டும் பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் அது பத்து சென்ட்: 18 மில்லிமீட்டருக்கும் குறைவான அகலம், இரண்டரை கிராம் எடை. அடால்ஃப் வைன்மன் வடித்து 1916 முதல் 1945 வரை வந்த காசாக இருந்தால், சிறகு வைத்த தொப்பியணிந்த சுதந்திர தேவியின் முகம் பக்கவாட்டில் தெரியும். விரலால் தேய்த்துவிடக் கூடாது. ஒட்டிய மணல் கீறிவிடும். தண்ணீர் விட்டு மண்ணைக் கரையவிட வேண்டும்.

ஆனாலும் வெள்ளியைவிட நிக்கல் எனப்படும் ஐந்து சென்ட் காசுக்கே என் கூடுதல் மரியாதை. முக்கால் பங்கு செம்பும் கால் பங்கு நிக்கலும் கலந்த அந்தக் காசு மட்டமான, தாழ்ந்த ஒலியே தரும். அதே ஒலியைத்தான் பழைய பீர் டப்பாக்களின் அலுமினிய வளையமும் தருகிறது. ஒஹாயோ பொறியாளர் எர்மல் ஃப்ரேஸ் உருவாக்கிய, இழுத்துப் பிய்க்கும் திறப்பு 1962 வாக்கில் பிட்ஸ்பர்க் பீர் டப்பாவில் ஏறியது. டப்பாவோடு ஒட்டி நிற்கும் திறப்பு 1975இல் வந்து பரவும்வரை, பூங்காவுக்கு வந்தவர்கள் வளையத்தைப் பிய்த்துப் புல்லில் எறிந்துகொண்டே இருந்தார்கள். தோண்டிச் சலித்த முதல் தலைமுறை அந்த ஒலியையே அடைத்து வைத்துவிட்டு வெள்ளி தேடிப் போனது. வளையத்தோடு சேர்ந்து நிக்கலும் தப்பியது.

இன்று ஒருவர் வாத்திய மேடைக்கருகே பத்தடிச் சதுரத்தை மனதில் வரைந்துகொண்டு, அதற்குள் கேட்கும் அந்தத் தாழ்ந்த ஒலி ஒவ்வொன்றையும் தோண்டுகிறார். வளையம், மறுபடி வளையம், கசங்கிய தாள். பிறகு செங்கல் நிறமேறிய ஒரு காசு. ஜேம்ஸ் எர்ல் ஃப்ரேசர் வடித்து 1913இல் வெளிவந்த எருமைக் காசு. ஆண்டைப் புடைப்பான இடத்தில் பொறித்துவிட்டதால் பல காசுகளில் அது தேய்ந்து போயிருக்கும். அப்படித் தேய்ந்ததற்கு நாணயக் கடையில் பெரிய விலை கிடையாது. குப்பையோடு குப்பையாக ஒலித்த ஒன்றை நம்பிக் கத்தியை இறக்கியதால் கிடைத்த காசு என்பதால் எனக்கு அது ஒரு பிடி வெள்ளிக்கும் மேல். எடுத்த வளையங்களை அவர் பையில் போட்டுக்கொள்கிறார். மறுநாளும் அதே சதுரத்துக்குத்தான் வருவார். அந்த வளையங்கள் மறைத்து வைத்திருந்த ஆழத்து ஒலிகள் இனிமேல்தான் கேட்கத் தொடங்கும்.