விக்டோரியா வுட்டின் தாளம்

பிரிட்டிஷ் நகைச்சுவைக் கலைஞர் விக்டோரியா வுட் பியானோ வாசிக்கும் அழகை முதலில் பாருங்கள். விரல்கள் கட்டைகளின் மேல் துள்ளி ஓடுகின்றன. முகமோ அவையை நோக்கித் திரும்பியிருக்கிறது, பக்கத்து வீட்டுச் சேதி ஒன்றைச் சொல்லிப் போக வந்தவரைப் போல. அந்த வேகமும் இந்த நிதானமும் ஒரே உடலில் குடியிருப்பதே பேரழகு.

1986-இல் தொலைக்காட்சியில் அவர் பாடிய ஃப்ரீடா–பாரி பாட்டைக் கேளுங்கள். மனைவி ஃப்ரீடாவுக்கு ஆசை பொங்குகிறது. கணவன் பாரி சாக்குப்போக்கு சொல்லி நழுவுகிறான். இவள் கெஞ்ச, அவன் மறுக்க, சுருதி ஒவ்வொரு படியாக ஏறுகிறது. எதுகைகள் ஒன்றையொன்று துரத்திப் பிடிக்கின்றன. காதல் வேட்கைக்கு அவர் தேடிக் கோத்த பொருள்களைக் கவனியுங்கள். நிலவில்லை, ரோஜாவில்லை, எல்லாம் வீட்டுக்குள் புழங்கும் சாமான்கள். சமையல் குறிப்பும் பின்னல் வேலையுமாக வரும் 'உமன்ஸ் வீக்லி' என்ற சாதுவான பெண்கள் இதழ்கூட அங்கே சிருங்காரக் கருவியாகிவிடுகிறது! அது வந்து விழும் இடம்தான் எத்தனை துல்லியம். ஓர் அசை முந்தினாலும் சிரிப்பு சிதறியிருக்கும்.

இந்தச் செவி எங்கே பழகியது? 1953-இல் லங்காஷயரில் பிறந்து, பரி நகருக்கு அருகே மேட்டுநிலத்தில் தனித்து நின்ற வீட்டில் வளர்ந்தவர். தந்தை காப்பீட்டுத் துறையில் இருந்துகொண்டே எழுதவும் செய்தவர். அந்த வீட்டுத் தனிமையில் பியானோதான் துணை. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தார். 1974-இல் 'நியூ ஃபேசஸ்' என்ற தொலைக்காட்சித் திறமைப் போட்டியில் வென்றார். ஆனால் அவருடைய குரல் முழுதாக மலர்ந்தது, 1978-இல் லண்டன் புஷ் தியேட்டரில் நடிகை ஜூலி வால்டர்ஸுடன் மேடையேறிய பிறகுதான் என்பேன்.

அவர் எழுத, ஜூலி நடித்த இரண்டு சூப் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் தெவிட்டுவதில்லை. அவசரத்தில் இருக்கும் ஒரு தம்பதி உணவகத்தில் சூப் கேட்கிறார்கள். பரிமாற வருபவர் தள்ளாடும் கிழவி. காதும் மந்தம், நினைவும் மந்தம். மேசைக்கும் சமையலறைக்கும் இடையிலான சிறு தூரம் அந்த நடுங்கும் நடையில் நெடும்பயணமாக நீள்கிறது. கிழவியாக வந்த ஜூலிக்கு அப்போது வயது முப்பதுகளில். அந்த நடையை நம்பி, வசனமே இல்லாத நேரத்தைத் தாராளமாக விட்டுவைத்த எழுத்தின் துணிவை வியக்கிறேன். சொல்லுக்கு இத்தனை கணக்குப் பார்ப்பவர், மௌனத்துக்கு இவ்வளவு இடம் தருகிறார்!

தனியாளாக நின்று 1993-இல் ராயல் ஆல்பர்ட் ஹாலை 15 இரவுகள் நிறைத்தவர் அவர். அப்படிப்பட்டவர் தம் நல்ல வரிகளைப் பிறருக்கு வாரி வழங்கிய தொலைக்காட்சி நாடகம் 'டின்னர்லேடீஸ்'. மான்செஸ்டர் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில், 1998 முதல் 2000 வரை 16 பகுதிகளாக நடந்த கதை. ஒவ்வொரு பகுதியையும் பார்வையாளர் முன் இருமுறை பதிவு செய்தார்கள். முதல் நாள் சிரிப்பு எங்கே தளர்ந்தது என்று பார்த்து, இரவோடு இரவாக அவர் திருத்தி எழுதினார். கேன்டீன் ஊழியர்களான டாலியும் ஜீனும் வார்த்தைக்கு வார்த்தை மல்லுக்கு நிற்கும் காட்சிகள் அத்தனை இயல்பாக வழுக்கிச் செல்வது இந்தச் செதுக்கலால்தான். அடுத்த முறை பார்க்கும்போது, பேசுகிறவர்களை விட்டுவிட்டு விக்டோரியா ஏற்ற ப்ரென்னையே பாருங்கள். கை வேலையில் இருக்கும். செவி முழுவதும் தோழியர் பேச்சில் இருக்கும். கேட்பதைக்கூட அவர் தாளத்தோடு செய்கிறார்.

அந்தக் கேட்கும் முகம் முழுதாகக் கனிந்தது 2006-இல் வந்த 'ஹவுஸ்வைஃப், 49' படத்தில். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாட்குறிப்பு எழுதிய பாரோ நகரத்து இல்லத்தரசி நெல்லா லாஸ்டின் கதை. எழுத்தும் அவரே, நெல்லாவும் அவரே. சிறந்த நடிகை, சிறந்த தனி நாடகம் என்று இரண்டு பாஃப்டா விருதுகள் வந்தன. எனக்கோ அதில் நெல்லாவின் தோள்கள்தாம் மிகப் பிடித்தவை. வீட்டுக்குள் குறுகிக் கிடந்தவர் பெண் தொண்டர் படையில் சேர்ந்து வேலை பழகப் பழக, அந்தத் தோள்கள் சிறிது சிறிதாக நிமிர்கின்றன. எந்தக் காட்சியில் நிமிர்ந்தன என்று சுட்டிக்காட்ட முடியாத அளவுக்கு மெல்ல.