சிறைக்கூடத்தில் ஒரு சிறுமியின் மரணம்

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர் சபையாருக்குக் குருக்கள் இல்லை, திருமுழுக்கு இல்லை, நற்கருணையும் இல்லை. ஒவ்வோர் உள்ளத்திலும் கிறிஸ்துவின் ஒளி உண்டு, அதற்குப் பணிந்து நடந்தாலே போதும் என்பது அவர்கள் கொள்கை. ஆகவே இறக்கும் தறுவாயில் இருப்பவருக்கு எண்ணெய் பூசவோ வழியுணவு வழங்கவோ அங்கே எவரும் வருவதில்லை. அவருடைய விசுவாசத்திற்குச் சான்றாக எஞ்சுவது அவர் வாய்ச்சொல் ஒன்றே. அச்சொற்களை அருகிலிருந்தோர் எழுதி வைத்தனர். ஜான் டாம்கின்ஸ் என்பவர் அத்தகைய குறிப்புகளைத் தொகுத்து 1701-இல் வெளியிட்ட நூல், பிறர் கைகளில் நூறாண்டுக்கு மேலாக வளர்ந்துகொண்டே சென்றது.

இவ்வகைக் குறிப்புகளுள் நம் நெஞ்சைத் தொடுவது மேரி சாம் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கதை. கொள்கைக்காக வாரிக் நகரச் சிறையில் அடைபட்டிருந்த தாத்தா வில்லியம் டியூஸ்பரிக்குத் துணையாக அவள் அங்கே தங்கியிருந்தாள். 1680-இல் நோயுற்று அங்கேயே இறந்தாள். அவள் சாவுக்கு அஞ்சவில்லை என்கிறது குறிப்பு. அதை நாம் ஐயுறவில்லை. அக்காலத்துப் பியூரிட்டன் போதகர் ஜேம்ஸ் ஜேன்வே எழுதிய சிறுவர் மரணக் கதைகளில் நரக அச்சம் கனத்து நிற்கும். குவேக்கர் இறையியலாளர் ராபர்ட் பார்க்ளேயோ, தானே பாவம் செய்யும் வரை குழந்தைமேல் ஆதாமின் குற்றம் சுமத்தப்படாது என்றார். அந்த ஆறுதலில் வளர்ந்தவள் மேரி.

ஆயினும் நம்மை உறுத்துவது ஒன்றுண்டு. குவேக்கர்கள் மௌனத்திலேயே வழிபடுகிறவர்கள். ஆவியானவர் ஏவினாலன்றி வாய் திறவாதவர்கள். அவர்களே ஒரு குழந்தையின் மரணப் படுக்கையருகே மௌனத்தை நம்பத் துணியவில்லை! பிலடெல்பியாவில் பதினொரு வயதில் இறந்த ஹன்னா ஹில்லின் இறுதிச் சொற்கள் 'சிறுவர்க்கு ஒரு மரபுச் செல்வம்' என்னும் பொருள்படும் தலைப்புடன் அச்சேறின. நோயாளிச் சிறுமி போதகி ஆக்கப்பட்டாள். நோயுற்ற பிள்ளைகளின் அருகே அமர்ந்து பழகிய நாம் அறிவோம்: அவர்கள் தண்ணீர் கேட்பார்கள், அம்மாவை அழைப்பார்கள், சுவரைப் பார்த்தபடி பேசாது கிடப்பார்கள். இவற்றைத் தொகுப்பாளர்கள் பொருட்படுத்தவில்லை. காய்ச்சலில் நினைவிழந்து இறந்த குவேக்கர் குழந்தைக்கு அந்நூல்களில் என்ன இடம்?

நம்மிடையே, விவரமறிந்த குழந்தை நினைவிழந்து கிடந்தாலும் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசுகிறோம். அது நமக்கு ஒரு சொல்லும் திருப்பித் தர வேண்டியதில்லை. எனினும் 1857-இல் இறந்த தொமினிக் சாவியோவின் வரலாற்றை ஈராண்டுகளில் எழுதி வெளியிட்டவர் அவனை வளர்த்த தொன் போஸ்கோவே. டியூஸ்பரியின் பேத்தியைப் பற்றி நாம் எழுப்பும் வினாவை, அந்நூலை நம் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும்போதும் எழுப்பலாம்.