உணவு மேசையும் உழைக்கும் கைகளும்

சென்ற விடுமுறையிலே ஒல்லாந்து தேசம் சென்ற நாம், ஆம்ஸ்ரர்டாம் நகரில் ஒரு நாளை ஓவியத்துக்கும் உணவுக்குமென ஒதுக்கிக்கொண்டோம். பகலில் ஓவியம், இரவில் விருந்து என்பதே திட்டம். ஆனால், பகலிற் கண்டவை உணவைப் பற்றிய ஓவியங்களாகவும், இரவில் உண்டது ஓவியம்போற் பரப்பப்பட்ட உணவாகவும் அமைந்துவிட்டன. ஆதலால் இரண்டையும் ஒருசேர வைத்தே பேசவேண்டியுள்ளது.

றைக்ஸ் நூதனசாலையில் எம்மை நெடுநேரம் நிறுத்தியது, பீற்றர் கிளாஸ் 1627 இல் தீட்டிய ஒரு விருந்து மேசை. வான்கோழியின் தலையும் சிறகும் சூட்டப்பெற்று, மாவுறைக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பெரும் பண்டமொன்று அங்கே வீற்றிருக்கிறது. சிப்பிகள், ரொட்டி, சீனத்துப் பீங்கான், ஒரு காகிதச் சுருளிலே மிளகு. சிப்பியின் ஈரத்தையும் வெள்ளீயத் தட்டின் மங்கிய ஒளியையும் தூரிகையாற் பிடித்த அக்கலைஞனின் ஆற்றல் வியக்கத்தக்கது. ஆனால் அம்மேசையருகே ஒரு மனிதர்கூட இல்லை. சமைத்தவரில்லை, பரிமாறியவரில்லை, உண்பவருமில்லை.

மிளகு ஒல்லாந்திலே விளைவதன்று. 1602 இல் அமைக்கப்பட்ட கிழக்கிந்தியக் கம்பனி அதனைக் கப்பல் கப்பலாகக் கொண்டுசென்றது. இவ்வோவியம் தோன்றுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்னர், 1621 இல், சாதிக்காய் வணிகத்தைத் தனதாக்கும்பொருட்டு அதே கம்பனி பண்டாத் தீவுகளைத் தாக்கியது. சுமார் 15,000 பேரெனக் கணிக்கப்படும் அத்தீவு மக்களிற் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர், பட்டினியால் மடிந்தனர், அடிமைகளாயினர் அல்லது தப்பியோடினர். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் இக்கம்பனியே. (கண்டி அரண்மனையில் 1765 இல் கொள்ளையிடப்பட்ட பீரங்கியொன்றும் நெடுங்காலம் இந்நூதனசாலையிலேதான் இருந்தது, 2023 இலேதான் அது இலங்கைக்குத் திருப்பியளிக்கப்பட்டது.) கிளாஸ் பொய் எதனையும் தீட்டவில்லை. வாங்கும் வசதி படைத்தவர்கள் தம் மேசையை எங்ஙனம் காண விரும்பினரோ அங்ஙனமே தீட்டினார். பண்டம் பளபளக்கிறது, பண்டத்தின் வரலாறு மறைந்துபோகிறது.

ஏறத்தாழ 1660 இல் வெர்மீயர் வரைந்த பால் வார்க்கும் பணிப்பெண் அதே நூதனசாலையில் இருக்கிறாள். அவளிடம் கம்பீரம் உண்டு. எனினும் அந்தப் பாலை அருந்தப்போகிறவர் யாரென்பதை ஓவியம் சொல்லவில்லை.

சில நிமிட நடையில் வான் கோ நூதனசாலை. அங்கே, 1885 இல் நியூனன் கிராமத்தில் அவர் தீட்டிய ‘உருளைக்கிழங்கு உண்போர்’ முன் நின்றபோது, காலையில் எழுந்த கேள்விக்கு மறுமொழி கிடைத்தது போலிருந்தது. தொங்கும் எண்ணெய் விளக்கின் கீழ் ஐந்து பேர். ஆவி பறக்கும் கிழங்கு; ஒருத்தி கோப்பி ஊற்றுகிறாள். முகங்கள் கரடுமுரடானவை, விரல்கள் முடிச்சு விழுந்தவை. மண்ணைக் கிண்டிய அதே கைகளே தட்டுக்கும் நீளுகின்றன என்பதையே தாம் காட்ட முயன்றதாக அவர் தம்பி தியோவுக்கு எழுதினார். புழுதி படிந்த, தோலுரிக்காத கிழங்கின் நிறத்தையே அம்மாந்தர்க்கு ஏற்றினார்.

இங்கே எமது முற்போக்கு நண்பர்களோடு சற்று வழக்காட விரும்புகிறோம். ஏழைகளை எழுதினால் போதும், உருவம் தானே வந்து சேரும் என்று நம்மிற் சிலர் கருதுகின்றனர். வான் கோ அவ்வாறு கருதவில்லை. இவ்வோவியத்துக்கு முன், குடியானவரின் தலைகளையும் கைகளையும் அவர் மாதக்கணக்காக மீண்டும் மீண்டும் வரைந்து பழகினார். அந்த முரட்டுத்தனம் பயிற்சிக் குறைவால் நேர்ந்ததன்று; தேர்ந்து கொள்ளப்பட்டது. நண்பரான வன் றப்பார்ட் இதன் கல்லச்சுப் பிரதியைக் கண்டு, உடலமைப்புப் பிழைகளை அடுக்கிக் கடுமையாகக் கண்டித்தார். பிழைகள் உண்டென்பது மெய்யே. எனினும் அழகிய கைகளை அங்கே வரைந்திருந்தால் அதுவே பெரும் பிழையாகியிருக்கும். உள்ளடக்கம் தன் உருவத்தைக் கோரியது. கலைஞன் உழைத்து அதனைத் தேடிக் கொடுத்தான். தம்பியின் பணத்தில் வாழ்ந்த அவர் அக்குடிசையைச் சேர்ந்தவரல்லர் என்பதையும் மறக்கலாகாது. அத்தூரத்தைக் கடந்தது இரக்கத்தினால் மட்டுமன்று, பயிற்சியினாலும்தான். இதை எண்ணும்போது, நம் பக்கத்து அவசரக் கதைகள் பலவற்றை நினைத்து நாணவேண்டியிருக்கிறது.

இரவில், ‘றைஸ்ராபெல்’ எனப்படும் சோற்று மேசைக்குப் பெயர்பெற்ற இந்தோனேசியப் போசனசாலையொன்றுக்குச் சென்றோம். சோற்றைச் சுற்றிச் சிறு சிறு கிண்ணங்களிற் பல கறிகளை நிரப்பும் இம்முறை, சாவகத்துத் தோட்டத் துரைமார் வளர்த்தது. பத்தேவியாவின் பெரிய ஹொட்டேல்களிலே பணியாளர் கிண்ணத்துக்கு ஒருவராக வரிசையில் வந்து பரிமாறுவராம். இந்தோனேசியா 1945 இல் விடுதலைப் பிரகடனம் செய்தது. ஒல்லாந்தர் அதனை ஏற்க 1949 ஆயிற்று. தாயகம் மீண்ட குடியேற்றக்காரரோடு இவ்விருந்தும் இங்கு வந்து வேரூன்றியது.

உணவு சுவையாகவே இருந்தது, மறைப்பானேன்! கிண்ணங்கள் மேசையை நிறைத்தபோது கிளாசின் ஓவியமே மீண்டும் விரிந்தது போலிருந்தது. இம்முறை அதன் விளிம்பில் ஒரு கை தெரிந்தது. தட்டுகளை வைத்துவிட்டு விரைந்து மறையும் இளம் பணியாளனின் கை. பக்கத்து மேசையினர் ஒவ்வொரு கிண்ணத்தின் பெயரையும் அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தனர். நாமும் கேட்டோம். கடைசியாகச் சிவப்பாக அரைத்த ஒன்றை வைத்தான். அதற்கு மட்டும் பெயர் கேட்கவேண்டியிருக்கவில்லை; சம்பல்.